நீல மூடி பாட்டிலும் ஒரு கையெழுத்தும்

1

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்த மாதிரிப் பேச வேண்டாம். கரிவலம்வந்தநல்லூரில் எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். நான்கு பேர் வாத்தியார், நர்ஸ் என்று சம்பளத்துக்குப் போனார்கள். வீட்டில் இரண்டு மாடு நின்றது. அதைப் பார்க்க ஆள் வேண்டும், மூத்தவள் நான். எழுத்தெல்லாம் பிற்பாடு ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைப் பாட்டுப் புத்தகத்தின் மேல் விரலை வைத்துத் தடவித் தடவிக் கற்றதுதான்.

இந்த வருடம் சபையின் ஆண்டு மலருக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்களும் எழுத வேண்டும் என்று என் கடைசித் தம்பி போனில் கேட்டான். ஓய்வு பெற்ற வாத்தியார், மலரை அச்சுக்குக் கொடுக்கிற பொறுப்பு அவனுடையது. "பனி பெய்யிது, ஆப்பிள் காய்க்கின்னு ஏதாவது எழுதுக்கா, ஆளுக படிப்பாங்க" என்றான். ஆப்பிள் மரத்தைப் பற்றி ஆப்பிள் மரம் வைத்திருக்கிறவர்கள் எழுதட்டும். நான் என் வேலையையும் போன மாதம் நடந்ததையும் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைத் தம்பி திருத்தலாம். சேதியைத் திருத்த அவனுக்கு உரிமை இல்லை.

2

நியூசிலாந்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம். மகள் மெர்சி நர்ஸ் வேலைக்கு வந்தவள், பேறுகாலத்துக்கு என்னை அழைத்தாள். அப்படியே தங்கிவிட்டேன். அந்தப் பேத்தி வளர்ந்து வேறு ஊரில் படிக்கிறாள். போனில் கூப்பிட்டால் என்னிடம் மழையா வெயிலா என்று கேட்பாள், நான் பதில் சொல்லுவேன், அதோடு பேச்சு முடியும்.

பதினொரு வருடமாக நான் ஒரு பால் ஆய்வகத்தில் பாட்டில் கழுவுகிறேன். யாராவது கேட்டால் மெர்சி, "அம்மா லேப்ல இருக்காங்க" என்பாள். கழுவுகிறார்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. எனக்கு வரும்.

மாட்டுக்குக் காய்ச்சல் என்று ஊசி போட்டால் அந்த மருந்து சில நாள் பாலிலும் இறங்கும். அந்தப் பாலைப் பொதுப்பாலில் கலக்கக் கூடாது. கலந்தார்களா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. ஒரு லாரிப் பாலில் ஒரு சிட்டிகை மருந்து கிடந்தாலும் கண்டுபிடிக்கிற மெஷின் அங்கே நிற்கிறது. நம் வீட்டு பீரோ படுத்த மாதிரி இருக்கும், சத்தம் மட்டும் மாவு மில்லை ஒத்தது.

பாலை அப்படியே மெஷினுக்குக் கொடுக்க முடியாது. பால் திரிந்தால் நாம் பதறுவோம், இங்கே வேண்டுமென்றே திரிக்கிறார்கள். சின்னக் குழாயில் கொஞ்சம் பாலை விட்டு ஒரு மருந்துத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினால் கெட்டி தனியாகத் திரண்டுவிடும். அதைச் சுழல விட்டால் கெட்டி அடியில் படியும், மேலே தெளிவு நிற்கும். அந்தத் தெளிவை, வெள்ளைப் பொடி அடைத்த பென்சில் பருமன் குழலில் இறக்குவார்கள். வேண்டியது பொடியில் ஒட்டிக்கொள்ளும், வேண்டாதது ஒழுகிப் போகும். பிறகு வேறொரு தண்ணீரை விட்டு, ஒட்டியதை இளக்கி எடுக்கிறது. கடைசியில் ஒரு குன்றிமணி அளவு தெளிவுதான் மெஷினுக்குப் போகும். ஒரு நாள் வேலையில் முக்கால் நாள் இதற்கே போய்விடும். மெஷின் பார்ப்பது சில நிமிஷம். ஊரில் கல்யாணச் சமையலும் அப்படித்தானே, அரிந்து அரைத்து வைக்கத்தான் நேரம்.

அந்தத் தெளிவை உள்ளே தள்ளிக்கொண்டு போவது நீல மூடி பாட்டிலில் இருக்கிற தண்ணீர். அதில் ஒரு சொட்டு புளிப்பு விட்டிருப்பார்கள். கட்டெறும்பு கடித்தால் காந்துகிறதே, அதே சரக்கு. மெஷின் ஒரு குழலைப் பாட்டிலுக்குள் விட்டு, பிள்ளை இளநீர் உறிஞ்சுவது போல நாள் முழுக்க உறிஞ்சும். மறுமுனையில் தலைமயிர் மாதிரி ஒரு ஊசி. அந்த ஊசிக்குக் கரண்ட் கொடுத்திருக்கும். தண்ணீர் அதன் வழியே வந்ததும் புகையாகச் சிதறும். ஒவ்வொரு துளியும் காய்ந்து சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் வெடிக்கும். வெடிக்கும்போது எதன் மேல் கரண்ட் ஏறியிருக்கிறதோ அதுதான் உள்ளே போகும், அதைத்தான் மெஷின் எடை போடும். கரண்ட் ஏறாதது மெஷினுக்கு இல்லாததற்குச் சமம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் ஹெலன். எங்கள் பிரிவுக்கு மேலாளர், என்னைவிடப் பத்து வயது இளையவள். நல்லவள். அதைச் சந்தேகப்பட்டு யாரும் படிக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் என் கையிலிருந்த சோப்பைப் பிடுங்கி, "தாங்கா, மற்றதை எதைப் போட்டு வேண்டுமானாலும் தேய். நீல மூடிக்கு மட்டும் சோப்பு ஆகாது" என்றாள். தங்கபுஷ்பம் என்ற பேரை அவர்கள் அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டார்கள்.

ஏன் ஆகாது என்று கேட்டேன். துளியின் மேல்தோலில் கரண்டுக்கு இடம் கொஞ்சம்தான், சோப்பு இருந்தால் அது முதலில் ஏறிக்கொள்ளும், மருந்துக்கு இடம் இருக்காது என்றாள். எனக்கு உடனே விளங்கியது. ஆடித்தபசுத் திருவிழா அன்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் வண்டி வந்து நிற்கிறதுக்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. கைப்பிள்ளையோடு வரிசையில் நிற்கிறவள் நின்றுகொண்டேதான் இருப்பாள். அவள் வண்டியில் இல்லை என்பதால் அவள் ஊரிலேயே இல்லை என்று ஆகுமா? அந்தத் துண்டு போடுகிற கூட்டம்தான் சோப்பு.

அன்றிலிருந்து நீல மூடிக்கு நான் சோப்பு போட்டதில்லை. போன மாதம் ஒரு தடவையைத் தவிர.

3

ஒரு வியாழக்கிழமை. கூட வேலை பார்த்த ஒருத்தர் ஓய்வு பெறுகிறார் என்று தேநீர் அறையில் கேக் வெட்டினார்கள். தேநீர் அறைக்கு அடுத்தது என் கழுவுகிற அறை. நான் அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போனால், தேநீர் அறைத் தொட்டியில் டம்ளர்களோடு ஒரு நீல மூடி பாட்டில் கிடக்கிறது. டம்ளர் பற்றவில்லை போல, என் தட்டிலிருந்து சுத்தமான பாட்டிலை எடுத்து ஆரஞ்சு ஜூஸ் ஊற்றிக் குடித்திருக்கிறார்கள். வாய்ப்பக்கம் உதட்டுச் சாயம். செங்கல் நிறம். அந்த நிறம் எங்கள் ஆய்வகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. ஹெலனுக்கு.

ஆய்வகப் பாத்திரத்தில் தின்பதும் குடிப்பதும் அங்கே பெரிய குற்றம். அதற்காக இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினதை நானே பார்த்திருக்கிறேன். ஹெலன் வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். பேச்சு மும்முரத்தில் கைக்கு வந்ததை எடுத்திருப்பாள், மறந்தும் போயிருப்பாள்.

பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றேன். விதி எனக்குத் தெரியும். கொதிநீரில் மூன்று தடவை, காய்ச்சி வடித்த வடிநீரில் மூன்று தடவை, கவிழ்த்து வைக்க வேண்டியது, அவ்வளவுதான். ஆனால் அதில் வாய் பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் செம்பைத் தூக்கித்தான் குடிப்போம். ஒருத்தர் வாய் வைத்த பாத்திரத்தை வெறும் தண்ணீரில் அலசி இன்னொருத்தர் கையில் கொடுக்க மாட்டோம். சாம்பலோ சோப்போ போட்டு விளக்கிய பிறகுதான் அது பாத்திரம். அடுத்துக் குடிக்கப் போவது மெஷின். ஆனாலும் குடிக்கப் போகிறது அல்லவா?

அதனால் சோப்பு போட்டுத் தேய்த்தேன். தெரிந்தேதான் தேய்த்தேன். பிறகு கொதிநீரில் பத்துத் தடவை, வடிநீரில் பத்துத் தடவை அலசினேன். மோந்து பார்த்தேன், வாசம் இல்லை. கவிழ்த்து வைத்தேன்.

4

ஆய்வகத்தில் ஒரு வழக்கம். பாலைக் கொடுக்கும் முன் வெறுந்தண்ணீரை மெஷினுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லாததில் ஒன்றும் இல்லை என்று அது சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வெறுந்தண்ணீரைக் கொடுத்தால் திரையில் படிக்கட்டு தெரிந்தது. சங்கரன்கோவில் ஆவுடைப்பொய்கைத் தெப்பக்குளத்துப் படி மாதிரி வரிசையாக, ஒன்றுக்கொன்று சரியாக நாற்பத்து நான்கு எடை தள்ளி. அந்தப் படியைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடச் சோப்பு என்று சொல்லிவிடும் என்றார்கள்.

இரண்டு நாள் மெஷின் நின்றது. குழல்களையெல்லாம் கழற்றிக் கழுவினார்கள். பதினைந்து பண்ணைப் பாலுக்கு முடிவு சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் ஹெலன் ஒரு படிவத்தோடு என் அறைக்கு வந்தாள்.

"நீல மூடிக்குச் சோப்பு பட்டதா, தாங்கா?"

"பட்டது. ஒன்றுக்கு. நான்தான் போட்டேன். ஸாரி."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. காரணம் தேடி அலைய வேண்டாமே. நாற்காலியை இழுத்துப் போட்டுப் படிவத்தை நிரப்பிவிட்டு, "கவலைப்படாதே, நான் எழுதிவிட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு" என்றாள்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், வேகம் வராது. வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு மேசையில் மெர்சி வாசித்துச் சொன்னாள். காரணம் என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: மொழிச் சிக்கல். பணியாளர் எழுதப் படிக்கச் சிரமப்படுபவர். விதியைப் புரிந்துகொள்ளாமல் செய்துவிட்டார்.

"நல்லாத்தானம்மா எழுதியிருக்கா. உன் மேல தப்பே இல்லன்னு வருது. போட்டுட்டு வா" என்றாள் மெர்சி.

"புரியாமச் செஞ்சேன்னு எவ சொன்னா? பதினோரு வருசமா புரியாமலா கழுவுதேன்?"

"எம்மா, இது ஒரு பேப்பர். பைல்ல போடுவாங்க, மறந்துருவாங்க. நீ மாட்டேன்னு நின்னா வேலைய விட்டு அனுப்பிருவாங்க. அறுபத்தெட்டு வயசுல உனக்கு எவன் வேற வேலை குடுப்பான்?"

"குடுக்காட்டா போறான்."

"ஒரு ஸாரி சொல்லுததுக்கு என்ன இவ்வளவு வீம்பு?"

"ஏட்டி, ஸாரி நான் அவ கேட்டப்பவே சொல்லிட்டேன். செஞ்சதுக்குச் சொன்னேன். தெரியாதவன்னு பேரு வாங்குததுக்குக் கையெழுத்து கேட்டா போட மாட்டேன்."

மெர்சி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இந்த நாட்டில் ஸாரி என்பது வழியில் இடித்துக்கொண்டால் சொல்லுகிறது, இடிக்காவிட்டாலும் சொல்லுகிறது. அவள் இங்கேயே பாதி ஆயுசு இருந்தவள், அது அவளுக்கு லேசாக வருகிறது. உதட்டுச் சாயத்தைப் பற்றி நான் அவளிடம் மூச்சு விடவில்லை.

5

எனக்கு ஏன் லேசாக வராது என்று ஊரில் உள்ளவர்களுக்குத்தான் விளங்கும். அதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா சாமுவேல் பால் சங்கத்துக்குப் பால் ஊற்றியவர். தூக்குச்சட்டியோடு போகிறது நான். அங்கே ஒரு கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், ஐப்பசி மழை நின்ற சமயம். கரிசல் முழுக்கப் புதுப்புல். மாடு வயிறு முட்டத் தின்றது. நீர்ப்புல் தின்றால் பால் இளகும், மாடு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். குழல் கீழே இறங்கியது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று என்னை நிறுத்திவிட்டு அப்பாவை வரச் சொன்னார்கள்.

சங்கத்துச் செக்ரட்டரி எங்கள் சபைக்காரர்தான். கெட்டவர் இல்லை, அவரும் நல்லவர்தான். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏலே சாமுவேலு, படிப்பறிவில்லாதவன், தெரியாமச் செஞ்சிட்டான்னு போட்டிருக்கேன். ஒரு ரேகைய வச்சிட்டுப் போ. ஒண்ணும் வராது."

"நான் தண்ணி ஊத்தலையே, அண்ணாச்சி."

"நீ ஊத்துனன்னு யாருல சொன்னா? தெரியாமன்னுதான எழுதியிருக்கு."

"மாடு புதுப்புல்லு மேயிது, அண்ணாச்சி. ரெண்டு நாளு வைக்கோலு போட்டுப் பாருங்க, டிகிரி ஏறிரும்."

"அதெல்லாம் நோட்டுல எழுத எடம் கெடையாதுலே. நாளைக்கும் பால் ஊத்தணுமா வேண்டாமா?"

அப்பா கட்டைவிரலை நீட்டினார். மை தடவிவிட்டவர்கூடச் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். மறுநாளும் பால் ஊற்றினோம், ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அப்பா சங்கத்துப் பக்கம் வந்ததே கிடையாது. ஆலயத்திலும் பின்பெஞ்சுக்குப் போய்விட்டார். யாராவது விளையாட்டாக, "என்ன சாமுவேலு, இன்னைக்கு எத்தனை டிகிரி?" என்பார்கள். அப்பாவும் சிரிப்பார். சாகும்வரை அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

அந்தக் கண்ணாடிக் குழல் பொய் சொல்லவில்லை. பால் இளகித்தான் இருந்தது. ஏன் இளகியது என்று எழுதுகிற கட்டத்தில்தான் பொய் ஏறியது.

6

வெள்ளிக்கிழமை ஹெலனிடம் சொன்னேன்: "இதில் போட மாட்டேன். நான் எழுதித் தருகிறேன், தமிழில்தான் எழுத வரும். என் மகள் வந்து உனக்கு வாசிப்பாள்." ஹெலன் பெருமூச்சு விட்டாள். அதற்குத் தனி அனுமதி வேண்டும், மேலே கேட்க வேண்டும் என்றாள். கேள் என்றேன். மூன்று நாள் கழித்து அனுமதி வந்தது.

அரைப் பக்கம் எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மெர்சி முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். ஹெலனின் அறையில் நாங்கள் மூன்று பேர். மெர்சி ஒரு வரி தமிழில் வாசித்து ஒரு வரி இங்கிலீஷில் சொன்னாள்.

நான் எழுதியிருந்தது இது. "நீல மூடி பாட்டிலுக்குச் சோப்பு ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஏன் ஆகாது என்பதும் தெரியும். சோப்பு துளியில் முந்தி ஏறிக்கொள்ளும், மருந்துக்குக் கரண்ட் கிடைக்காது. தெரிந்தே ஒரு பாட்டிலுக்குச் சோப்பு போட்டேன். அந்தப் பாட்டில் எச்சில் பட்டுக் கிடந்தது. எச்சில் பாத்திரத்தை விளக்காமல் வைப்பதில்லை. உன்னிடம் சொல்லாமல் வைத்தது தப்பு. பாட்டிலைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது, என் படிப்புடையது அல்ல."

எச்சில் என்ற இடத்தில் மெர்சி நின்றாள். "எம்மா, இதுக்கு என்னத்தச் சொல்ல? துப்பல்னு சொல்லவா?"

"துப்பல் இல்லட்டி. ஒருத்தர் வாய் பட்டதுன்னு சொல்லு."

சொன்னாள். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஹெலன் பேனாவை மேசையில் வைத்தாள்.

"வாயா? நீல மூடி பாட்டிலிலா? எப்போது?"

"கேக் வெட்டின மறுநாள் காலையில் பார்த்தேன். தேநீர் அறைத் தொட்டியில் கிடந்தது."

ஹெலனின் கை தானாக உதட்டுக்குப் போய், பட்டும் படாமல் திரும்பி வந்தது. கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது.

"யாருடையது என்று உனக்குத் தெரியுமா, தாங்கா?"

"அதை என் தாளில் எழுதவில்லை. என் தாளில் நான் செய்தது மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் செய்ததை அவரவர் தாளில் அவரவர் எழுதிக்கொள்ளட்டும்."

மெர்சி இதை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள். நான் ஏற்கெனவே இங்கிலீஷில்தான் சொல்லியிருந்தேன். அவள் கவனிக்கவில்லை.

ஹெலன் மொழிச் சிக்கல் என்று எழுதிய படிவத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். என் தாளை ஒரு புதுப் படிவத்தோடு இணைத்தாள், கையெழுத்துப் போட்டேன், முழுப் பேர், தமிழில். பிறகு அவள் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு வெற்றுப் படிவம் எடுத்தாள். பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

மெர்சி காரை எடுத்தாள். சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"அந்தச் சோப்பு, துளி, கரண்ட்டு, அதெல்லாம் நெசமாவே தெரிஞ்சுதான் எழுதினியாம்மா?"

"ஏன், ஒனக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"நர்சுக்குப் படிச்சவளுக்குத் தெரியல பாரு. சாயந்தரம் சொல்லித் தாரேன், வண்டிய எடு, பச்சை விழுந்துட்டு."

7

வேலை போகவில்லை. அடுத்த வாரம் ஹெலனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கும் ஒன்று வந்தது. என்னுடையதில், விதியை அறிந்திருந்தும் மீறினார் என்று எழுதியிருந்தது. அந்த வரியை மெர்சியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். பிறகு கடிதத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினேன். வருகிறவர்கள் ஏதோ விருது என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள். மெர்சி தலையில் அடித்துக்கொள்கிறாள். எடுக்கச் சொல்லி இதுவரை கேட்கவில்லை.

ஹெலன் இப்போதும் அதே செங்கல் நிறம்தான் பூசுகிறாள். காலையில் வெறுந்தண்ணீர் ஓட்டும்போது என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுகிறாள். கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. சரி என்று தலையாட்டிவிட்டு என் தொட்டிக்குத் திரும்புகிறேன்.

இனி ஒரே ஒரு விஷயம். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பால் சங்கத்து நோட்டைக் கறையான் தின்றிருக்கும். இருந்தாலும் அதில் எங்கள் அப்பா பேருக்கு நேராக ஒரு காரணம் எழுதி, அடியில் ஒரு ரேகை இருந்தது. அதைத் திருத்த எனக்கு வேறு நோட்டு கிடையாது, இந்த மலர்தான் உண்டு. கரிவலம்வந்தநல்லூர் சாமுவேல் பாலில் தண்ணீர் ஊற்றவில்லை. தெரிந்தும் ஊற்றவில்லை, தெரியாமலும் ஊற்றவில்லை. மாடு புதுப்புல் தின்றது.

தம்பி, செக்ரட்டரி வீட்டுப் பிள்ளைகள் இன்னும் அதே சபையில் இருக்கிறார்கள், மனம் வருந்துவார்கள் என்று நீ யோசிப்பாய். மேலே உள்ள வரியை எடுத்துவிட்டு ஒரு ஆப்பிள் மரத்தை நட்டுவிடலாம் என்று உனக்குத் தோன்றும். எடுக்காதே. உன்னை வாத்தியாராக்க நான் மேய்த்த மாடுகளில் ஒன்றுதான் அந்தப் புல்லைத் தின்றது.

இப்படிக்கு,
சா. தங்கபுஷ்பம்,
பாட்டில் கழுவுகிறவள்.